வன்கண்மையும் நெஞ்சுறுதியும்

சொற்கள் நாணயங்களைப் போல்வன. நெடுநாள் வழங்குதலால் அவற்றின் முத்திரை தேய்ந்துபோக, இன்ன மதிப்பினது என்று ஆராயாமலே நாம் அவற்றைக் கைமாற்றிக்கொள்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும்பொருட்டு வார இறுதியில் ஆயக்குடிக்குச் சென்று வரும் நம் மாணாக்கர் ஒருவர் அண்மையில் என்னை அணுகி, "ஐயா, வெற்றியை விரும்புவோன் 'ரூத்லெஸ்' ஆக இருத்தல் வேண்டுமென்று ஒரு நூலிற் படித்தேன். இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது?" என்று வினவினார். "ஈவிரக்கமற்றவன்" என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. "அது வசைச்சொல் ஆயிற்றே! நான் வேண்டுவது புகழ்ச்சொல்" என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முதற்கண் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்குவோம். 'ரூத்' என்பது முற்காலத்து ஆங்கிலத்தில் இரக்கத்தைக் குறித்தது. இரக்கத்தைக் குறித்த அச்சொல் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது; அஃதின்மையைக் குறிக்கும் சொல்லோ நிலைபெற்றது. துணிவைக் குறிக்கும் 'கரேஜ்' என்பது இதயம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'பிளக்' என்பது அறுத்த விலங்கின் உடலினின்றும் பிடுங்கியெடுத்த இதயம், ஈரல், நுரையீரல் என்பவற்றுக்கு வழங்கிய பெயர். 'கட்ஸ்' என்பது குடல். 'கிரிட்' என்பது மணற்பரல். 'மெட்டில்' என்பது உலோகத்தைக் குறிக்கும் சொல்லின் மற்றொரு வடிவம். நெஞ்சும் குடலும் மணலும் உலோகமும் ஆகிய இவையனைத்தும் ஒருவனிடத்து வலிமை உண்டென்று சொல்லும்; அவ்வலிமை எதன்பொருட்டு என்று சொல்லா. ஆதலின், ஈரமற்றவனையும் உறுதியுள்ளவனையும் ஒரே வரிசையில் நிறுத்திப் புகழ்தல் எளிதாயிற்று.

தமிழில் இம்மயக்கம் இல்லையோவெனின், உண்டு. ஊக்கம், உரன், திட்பம், ஆள்வினை, தறுகண், வன்கண் எனப் பல சொற்கள் நமக்கு உள. இவற்றுள் வன்கண் என்பதைத் திருவள்ளுவர் ஆளும் முறை கருதத்தக்கது. ஈகை அதிகாரத்தில், பிறர்க்கு ஈயாது பொருளைச் சேர்த்துவைத்துப் பின் அதனை இழப்போரை வன்கண்ணர் என்று பழிக்கிறார். அமைச்சு அதிகாரத்திலோ, அமைச்சர்க்கு வேண்டும் பண்புகளுள் முதலாவதாக அவ்வன்கண்மையையே வைக்கிறார். ஆங்கு அதன் பொருள் செயலில் தளராமை என்பது. ஒரே சொல் ஓரிடத்து இழிவாகவும் மற்றோரிடத்துச் சிறப்பாகவும் நிற்பானேன்? அமைச்சனது வன்கண்மைக்கு அடுத்து நிற்பது குடிகாத்தல். ஈயாதவனது வன்கண்மை தன்னையன்றி எவரையும் காவாது. கடுமை குணமோ குற்றமோ என்பதை அதன் அயலில் நிற்கும் பண்பே அறுதியிடுகின்றது.

படைச்செருக்கில் இது பின்னும் தெளிவாகிறது. பகைவர்மேற் கண்ணோடாது செய்யும் மறத்தைப் பேராண்மை என்று ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். மாணாக்கர் கேட்ட சொல்லுக்கு மிக நெருங்கியது இதுவே. ஆயினும், அப்பகைவனுக்கு ஒரு தாழ்வு நேர்ந்தவிடத்து அவனுக்கு உதவும் ஊராண்மையே அப்பேராண்மையின் கூர்மை என்று முடிக்கிறார். படையிழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை இராமன் மேற்சென்று கொல்லாது, மறுநாள் படையொடு வருமாறு விடுத்தமையைப் பரிமேலழகர் இதற்கு எடுத்துக்காட்டினார். இரக்கம் வீரத்தை மழுங்கச் செய்வதன்று, அதனைக் கூராக்குவது. வினைத்திட்பத்துக்கு முன்னதாக வினைத்தூய்மை என்னும் அதிகாரம் நிற்பதும் நினைவுகூரத்தக்கது.

இவ்வுண்மையை விளக்கும் பழங்கதை ஒன்று ஆயக்குடிக்கு அயலிலேயே உண்டு. அவ்வூர்க் கொய்யாத் தோட்டங்களினின்று நோக்கினாற் காணப்படும் பழனிமலைப் பகுதியைப் பண்டு ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல். மயிலுக்கு இரங்கிய அம்மன்னன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து, அவள் கண்ணீருக்கு இரங்காதிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனைப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அரிசில்கிழார் பொன்னும் பொருளும் வேண்டாது, அவள் துயர் தீர்க்கத் தேர் பூட்டுக என்றே பரிசில் வேண்டினார். வேந்தன் முன்னின்று அவன் ஈரமின்மையைச் சுட்டுதற்குப் பரிசில் நாடிச் செல்லும் புலவர்க்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அங்கே அஞ்சாமையுடையோர் புலவரே. அவ்வஞ்சாமை பிறிதோர் உயிரின் துன்பத்தினின்றும் பிறந்தது.

"பழங்கதை கிடக்க, ஓரிடத்துக்குப் பல்லாயிரவர் முந்தும் இக்காலத்து, மென்மையுடையான் பின்தள்ளப்படான் கொல்லோ?" என்று சிலர் வினவுவர். இவ்வச்சம் பொய்யன்று. வீட்டில் முதுமையுற்ற பெற்றோர், ஏறிவரும் வயது, எழுதிய தேர்விலெல்லாம் ஓரிரு மதிப்பெண்ணால் தவறும் வாய்ப்பு: இவற்றைச் சுமந்து நிற்கும் இளைஞனுக்கு அறவுரை மட்டும் சோறிடாது. ஆயின் இதற்கு விடையை அம்மாணாக்கர் ஆயக்குடியிலேயே கண்டிருத்தல் வேண்டும். ஆங்கு மரத்தடியிற் கற்பிக்கப்படும் வகுப்புகளுக்குக் கட்டணமில்லை. பல மாவட்டங்களினின்றும் வருவோர் தரையில் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். அருகிருப்பவன் தான் விரும்பும் பதவியையே விரும்புபவன் என்பதை ஒவ்வொருவரும் அறிவர். ஒருவர்க்கொருவர் போட்டியாளரான அத்துணைப் பேர்க்கும் ஒருசேரப் பயன்படுமாறு ஊதியங் கருதாது கற்பிப்போர் அங்கு உளர். ஊக்கத்துக்கும் விடாமுயற்சிக்கும் ஈவிரக்கமின்மை வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று யாது?

ஆதலின், மாணாக்கீர், கடுமை வேண்டுமாயின் அதனை நும் மடியின்மேற் செலுத்துமின். வைகறைத் துயிலின்மேற் செலுத்துமின். 'நாளை பார்த்துக்கொள்வோம்' என்னும் சோம்பர்ச் சொல்லின்மேற் செலுத்துமின். உடன் ஓடுவோன்மேற் செலுத்தற்க. இன்று நும் பக்கத்திலிருந்து பயில்வோன் நாளை ஒரு வட்ட அலுவலகத்தில் அமரலாம். நீவிர் அமர்தலும் கூடும். மேசைக்கு அப்புறம் மனுவோடு நிற்கும் முதியவளுக்கு நும் தேர்வின் மதிப்பெண் தெரியாது. நும் கண்ணிற் கண்ணோட்டம் உண்டோ இல்லையோ என்பது மட்டும் தெரியும். ஈரமின்மையையே வழியாகக் கொண்டு அவ்விருக்கையை அடைந்தவன், அமர்ந்த அன்றே இரக்கத்தை எங்கிருந்து தேடிக் கொணர்வான்?

அம்மாணாக்கர் கேட்ட புகழ்ச்சொல்லை நான் மறுநாள் கூறினேன். அது நெஞ்சுறுதி. இரக்கமின்மையை அதன் பொருளில் எவரும் இன்னும் கலந்திலர், நாமும் கலவாதிருப்போமாக.