தன் விசுவாசமும் அயலான் பக்தியும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, வேலூர் சாலையில் வேங்கிக்கால் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருவண்ணாமலை நகரத்து நெரிசலில் சிக்காமலே மலையைப் பார்க்கலாம். 2,668 அடி உயரத்தில், உச்சியிலே கொப்பரை பற்றிக்கொண்டதும் தெருவிலுள்ளோர் கைகளெல்லாம் தலைக்கு மேல் குவிகின்றன. வாசல்தோறும் அகல் ஏறுகிறது. சற்று நேரத்திற்கெல்லாம் வீட்டுக்கு வீடு தட்டுகள் புறப்படுகின்றன: பொரி உருண்டை, அப்பம், அடை. அத்தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாசலிலும் தட்டு வந்து நிற்கிறது. வாங்குவதா, மறுப்பதா?

அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். பவுலடியார் அப்படி நினைக்கவில்லை. கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், எட்டாம் அதிகாரம் முழுவதையும் பத்தாம் அதிகாரத்தில் ஒரு பெரும் பகுதியையும் இதற்கே செலவிட்டிருக்கிறார். விக்கிரக ஆராதனையில் பங்குகொள்ளலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஆனால் விருந்துக்கு அழைத்தவன் வீட்டில் முன்னே வைத்ததைத் துருவித் துருவி விசாரிக்காமல் உண்ணலாம் என்கிறார். இது படையல் என்று ஒருவன் எடுத்துச் சொன்னாலோ, சொன்னவனுடைய மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடு என்கிறார். தன் மனச்சாட்சி அல்ல, மற்றவனுடைய மனச்சாட்சி! இதை ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு விதமாகப் பொருள் கொள்கிறது. அந்த வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. நாம் சொல்ல வருவது வேறு. தன் திருச்சபையிடம் உண்மையாக இருப்பதும், அயலானின் பக்தியை மதிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சுமப்பது எளிதுமல்ல.

சுமந்து பார்த்த ஒருவர் இந்த மலையிலேயே வாழ்ந்திருக்கிறார்.

ஹென்றி லெ ஸோ என்பவர் 1910-ம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் பிரித்தானி கடற்கரையில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி; கத்தோலிக்கக் குரு. 1948-ல் இந்தியா வந்து, அவருக்கு முன்பே திருச்சிப் பகுதியில் தொண்டாற்றி வந்த பிரெஞ்சுக் குருவான ஜூல் மோன்ஷானினுடன் சேர்ந்துகொண்டார். 1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். முதல் தரிசனம் லெ ஸோவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காய்ச்சல் வேறு. எதை எதையோ எதிர்பார்த்து வந்தவருக்கு, சாதாரணமாக உட்கார்ந்திருந்த ஒரு முதியவரே கண்ணில் பட்டார். எதிர்பார்ப்பு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருமாறு, ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி அவருக்குப் புத்தி சொன்னாராம். நல்ல புத்திதான். வேத பாராயணத்தின் ஒலியும் அந்த முதியவரின் மௌனமும் சிறுகச் சிறுக அவரை ஆட்கொண்டன.

1950 மார்ச் 21-ம் தேதி, அதாவது புனித பெனடிக்டின் திருநாளன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருவரும் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். திருச்சி ஆயர் மெந்தோன்சா அதற்கு அனுமதி தந்தார். காவி உடுத்தார்கள், புலால் நீக்கினார்கள், லெ ஸோ அபிஷிக்தானந்தர் ஆனார். 1952 முதல் சில ஆண்டுகள் அவர் அடிக்கடி அருணாசலத்துக்கு வந்து, மலையின் குகைகளில் மௌனமாகத் தங்கினார். மகரிஷி 1950 ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார், மலை இருந்தது.

அந்தக் குகையில் அவர் பட்ட பாடுதான் நம் கவனத்திற்குரியது. அத்வைதம் அவரை ஒரு பக்கம் இழுத்தது. ஞானஸ்நானமும் குருத்துவமும் மறுபக்கம் இழுத்தன. 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருக்கலாம். 'இதெல்லாம் மாயவலை' என்று மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம். இரண்டும் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. இரண்டையும் அவர் செய்யவில்லை. அந்தப் போராட்டத்தைத் தம் நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். படிப்பவர்களுக்கு நெஞ்சு கனக்கும். 1960-ல் இந்தியப் பிரஜையானார். 1973 டிசம்பர் 7-ம் தேதி இந்தூரில் கண் மூடும் வரையில் கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார்.

பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று வத்திக்கான் சங்கம் பிரகடனம் செய்தது 1965 அக்டோபர் 28-ம் தேதி. லெ ஸோ குகைக்குள் நுழைந்தபோது அந்தப் பிரகடனம் இல்லை. சட்டம் வந்த பிறகு நடப்பதற்கும், வழியே இல்லாத காலத்தில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலை ஏறியவர்களுக்குத் தெரியும்.

அவருடைய கூட்டாளி மோன்ஷானின் அவரோடு முற்றிலும் உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரித்துவத்தை விட்டு அத்வைதத்தில் கரைந்துபோகும் ஆபத்து உண்டு என்று அவர் அஞ்சினார். ஒரே ஆசிரமம், ஒரே காவி, ஒரே திருச்சபை. ஆனாலும் எல்லைக்கோடு எங்கே என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல். 1957-ல் மோன்ஷானின் காலமானார். யார் சொன்னது சரி என்பதை வேதசாஸ்திரிகளுக்கு விட்டுவிடுவோம். அஞ்சியவரின் அச்சமும் விசுவாசத்தில் பிறந்ததே.

வெளியிலிருந்து வந்த கண்டனமும் உண்டு. 1988-ல் சீதாராம் கோயல் கத்தோலிக்க ஆசிரமங்களைத் தாக்கி ஒரு நூலே வெளியிட்டார். காவியும் ஆசிரமமும் மதமாற்றத்துக்கான வேஷம் என்பது அவர் கட்சி. கேள்வியே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். உறவாட வந்த கை எது, தூண்டில் பிடித்த கை எது என்று அயலான் சந்தேகிப்பதற்குச் சரித்திரத்தில் காரணங்கள் இல்லாமலில்லை. ஆனால் குகையிலே தன்னந்தனியாக உட்கார்ந்து தன்னையே உருக்கிக்கொண்ட மனிதரை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகப் படவில்லை.

தமிழுக்கு இது புதிதுமல்ல. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். திருவாவடுதுறை ஆதீனத்து சுப்பிரமணிய தேசிகரிடம் பெருமதிப்பு வைத்திருந்தார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' பாடினார். பழுத்த சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ அவர் மீது 'குளத்துக் கோவை' பாடினார். இவர் பாடியதால் அவர் சைவரும் ஆகவில்லை, அவர் பாடியதால் இவர் கிறிஸ்தவரும் ஆகவில்லை. திருவெம்பாவை இந்த அண்ணாமலையில் பாடப்பட்டதென்பது மரபு. அதை உள்ளடக்கிய திருவாசகத்தை ஆங்கிலமாக்கி 1900-ல், தமது எண்பதாம் வயதில் வெளியிட்ட போப்பையர் ஆங்கிலிக்கன் குரு. உருகிய இடத்தில் உருகினார். தமக்கு ஒப்பாத இடத்தில் ஒப்பவில்லை என்று குறிப்பெழுதினார். சைவர்கள் அவரை அதற்காக வெறுக்கவில்லை.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இந்தப் பாடம் தேவைப்படுகிறது. 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் ஒன்றாயின. டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபை சேரவில்லை. தன் அறிக்கையே தனக்கு என்று இருந்துவிட்டது. அதனால் உறவு அறுந்ததா? 1969-ல் மதுரையில் உருவான இறையியல் கல்லூரியில் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் சேர்ந்தே போதகப் பயிற்சி பெறுகிறார்கள். திருவண்ணாமலையிலோ, டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுத் தேர் வடம் பிடிக்கப் போகிறவர்களை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

தட்டு இன்னும் வாசலில் நிற்கிறது. வாங்கிக்கொள்கிற கிறிஸ்தவரை, விசுவாசத்தைப் பொரிக்கு விற்றவர் என்று அவருடைய சபையார் ஏசவேண்டாம். மனச்சாட்சி இடங்கொடாமல், 'அம்மா, படைத்தது எங்களுக்கு வழக்கமில்லை. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று கைகூப்பிச் சொல்கிறவரை, திமிர் பிடித்தவர் என்று அக்கம்பக்கத்தார் பேசவேண்டாம். வேளாங்கண்ணிக்குப் போகும் இந்துக்கள் மெழுகுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்; நற்கருணை தங்களுக்குத் தரப்படவில்லையே என்று கோபித்துக்கொண்டு திரும்புவதில்லை. அந்தப் பெருந்தன்மையைக் கிறிஸ்தவருக்கும் அளிக்கலாம். மறுப்பவரும் கதவை முகத்தில் சாத்தாமல், தட்டுக் கொண்டுவந்த பெண்ணை உள்ளே அழைத்து உட்கார வைக்கலாம். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் வரும். அப்போது முறுக்கும் அதிரசமும் வைத்துத் தட்டனுப்ப வேண்டிய முறை அவருடையது.