பளபளப்பு தரம் அல்ல

பழங்காசு சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: “காசு பளிச்சென்று இருக்கணும். வெள்ளிக்கு விபூதி, செம்புக்குப் புளி. தேய்த்து வை, நல்ல விலைக்குப் போகும்.” சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இது வேதவாக்கு. கூடவே வேறு மூன்று நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான்கையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

“பளபளப்பே தரம்.” இல்லை. அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தபோது காசுக்கு இருந்த மேற்பரப்பில் எவ்வளவு மிச்சம் என்பதே தரம். விபூதி போட்டுத் தேய்த்தால் கறுப்போடு அந்த மேற்பரப்பும் போய்விடும். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். புழங்காத வெள்ளிக் காசில் ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வரும். துலக்கிய காசு எங்கும் ஒரே மாதிரி மின்னும், ஒளி நகராது. உருப்பெருக்கியில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தால் வந்த மெல்லிய படலம்தான். செம்பில் பொடியாக உதிரும் பச்சை மட்டுமே கவலைப்பட வேண்டிய அரிப்பு.

“எழுத்து முழுசாக இல்லையென்றால் தேய்ந்த காசு.” அப்படியல்ல, ஓர் உதாரணம் பாருங்கள். திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி, விஜயநகரத்தின் கடைசி மரபான அரவீடு அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். அம்மரபின் வேங்கடபதி ராயர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொன் வராகனில் திருவாசியின் கீழ் வேங்கடேசுவரர் நிற்பார். மறுபுறம் அவரை வணங்கும் நாகரி எழுத்து. சுமார் 3.4 கிராம் எடையுள்ள பொன் வில்லையை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். வில்லை சிறியது, அச்சு பெரியது. எனவே திருவாசியின் ஒரு பக்கமோ சில எழுத்துகளோ வெளியே போவது சகஜம். அது அடித்த விதம், புழக்கத் தேய்மானம் அல்ல. பெருமாளின் கிரீடம், முகம், மார்பு என மேடாக நிற்கும் இடங்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் தேய்மானமா, அடி சரியாக விழாததா என்பதைச் சுற்றியுள்ள பரப்போடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

“பழைய ஆண்டு இருந்தால் போதும்.” கோயில் ஊர் நடைபாதைகளில் அனுமன் உருவத்தோடு ‘1818, கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று பொறித்த செப்புக் காசுகள் விற்கிறார்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. போலிக்குத் தரம் பார்ப்பது வீண் வேலை. எடையும் உலோகமும் அச்சு அமைப்பும் முதலில், தரம் அப்புறம். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. புழங்கியதில் எடை சற்றுக் குறையலாம். நிறையக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

“எழுபதுக்கு எத்தனை என்ற எண் வந்துவிட்டால் முடிந்தது.” 1 முதல் 70 வரையிலான அந்த அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்தார். இயந்திரத்தில் அடித்த காசுகளுக்கு அது உதவும். சம்மட்டியில் அடித்த வராகனுக்கு அச்சு நடுவில் விழுந்ததா, அடி ஆழமா, தேய்மானம் எவ்வளவு என மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றை எண் அவற்றை மூடிவிடும்.

தரம் பார்ப்பது வியாபாரிக்கு மட்டும் கைவரும் வித்தையும் அல்ல. எளிதில் கிடைக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் சிலவற்றை வரிசையாக வையுங்கள். அரசர் அங்கியிலுள்ள குட்டி யானையைப் பாருங்கள்: ஒன்றில் கால்களும் தும்பிக்கையும் பிரிந்து தெரியும், அடுத்ததில் உடல் மட்டும், கடைசியில் வெறும் மேடு. கன்னத்தையும் கிரீடத்தையும் அதேபோல் ஒப்பிட்டால் தேய்மானத்தின் படிகள் கண்ணுக்குப் பழகிவிடும்.

தேய்த்த காசை மறுபடி தேய்க்காத காசாக்க எவராலும் முடியாது. அதனால் விளிம்பைப் பிடித்து எடுங்கள், தனித்தனி உறையில் வையுங்கள், விபூதியைக் குத்துவிளக்குக்கு விட்டுவிடுங்கள்.