ஃபிலிமில் விழாத விரிசல்

"யூ.டி. என்பது ஆள் சொல்வது, ஆர்.டி. என்பது கண்ணால் பார்ப்பது. ஜாயின்ட் நல்லதா என்று தெரிய ஃபிலிம் எடுத்தால்தான் ஆகும்." யூ.டி. என்பது மீயொலி அலையால் வெல்டைச் சோதிப்பது, ஆர்.டி. என்பது கதிர் பாய்ச்சி ஃபிலிமில் படம் எடுப்பது. கொதிகலனும் அழுத்தக்கலனும் செய்யும் பட்டறைகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. திருச்சி துவாக்குடிப் பக்கமும் இதையே கேட்கலாம். மெல்லிய குழாய்க்கு இது பொருந்தும். கனத்த தகட்டுக்கு இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

முதலில் "கண்ணால் பார்ப்பது" என்பதை எடுத்துக்கொள்வோம். கதிர் ஊடுருவும் வழியில் உலோகம் எங்கே குறைகிறதோ அங்கே ஃபிலிம் கூடுதலாகக் கறுக்கும். ஸ்லாக் என்ற கசடுக்கும் போரோசிட்டி என்ற வாயுத்துளைக்கும் எல்லாத் திசையிலும் கனம் உண்டு; எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அவை படத்தில் விழும். விரிசலும், வெல்டு ஒட்டாமல் விட்ட பக்கச்சுவரும் வேறு வகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 மி.மீ. தகடு, பெவல் (விளிம்புச் சரிவு) 30 டிகிரி. பக்கச்சுவரில் 5 மி.மீ. உயரத்துக்கு ஃப்யூஷன் ஆகவில்லை, இடைவெளி 0.05 மி.மீ. மேலிருந்து நேராக இறங்கும் கதிர் அந்தச் சாய்ந்த இடைவெளிக்குள் கடக்கும் தூரம் வெறும் 0.1 மி.மீ. வழக்கமான 2 சதவீத உணர்திறன் என்றால், இந்தத் தகட்டில் அது 0.8 மி.மீ. கன வித்தியாசம். அதில் எட்டில் ஒரு பங்கு படத்தில் எப்படித் தெரியும்? கூடவே கொஞ்சம் ஸ்லாக் மாட்டியிருந்தால் கோடு விழும். சுத்தமாக மூடிக் கிடந்தால் ஃபிலிம் 'ஓகே' ஆகிவிடும், உள்ளே குறை அப்படியே இருக்கும்.

அதே இடத்துக்கு அதே பக்கத்திலிருந்து 60 டிகிரி யூ.டி. புரோப் வைத்துப் பாருங்கள். அலை தகட்டின் அடிப்பரப்பில் பட்டு மேலேறி, அந்தப் பக்கச்சுவரில் செங்குத்தாக மோதும். மோதியது வந்த வழியே திரும்பும். திரையில் எக்கோ நிமிர்ந்து நிற்கும். பெவலின் கோணத்தைப் பார்த்து புரோப்பின் கோணத்தை முடிவு செய்வது இதற்காகத்தான்.

"படத்தின் தரத்தைப் பார்க்க வைக்கும் பெனட்ராமீட்டர் கம்பி தெரிகிறதே, பிறகென்ன?" என்பார்கள். கம்பி தெரிந்தால் படத்தின் தரம் சரி, அவ்வளவுதான். உருண்டைக் கம்பிக்குக் கதிர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கனம் ஒன்றே. விரிசல் கதிரின் போக்கிலேயே நின்றால் மட்டும் கறுப்புக் கோடாக விழும். சற்றே சாய்ந்தாலும் மங்கி மறைந்துவிடும். நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய குறையும் இதுதான். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பான கோடு உருண்டைத் துளைகளுக்கு அளவு வைத்து அனுமதி தருகிறது. விரிசலுக்கும் ஃப்யூஷன் ஆகாமைக்கும் எந்த அளவும் இல்லை, இருந்தாலே தள்ளுபடி. அழுத்தம் ஏறி இறங்கும் கலனில் கூர்முனை உள்ள குறைதான் வளரும்.

யூ.டி.க்கு ஆவணம் இல்லை என்ற பேச்சுக்குக் காலம் கடந்துவிட்டது. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மாரிஸ் சில்க் 1970களில் உருவாக்கிய, குறையின் முனையில் சிதறும் அலையின் பயண நேரத்தை அளக்கும் டோஃப்டி முறையும், பின்னால் வந்த ஃபேஸ்டு அரேயும், என்கோடரோடு ஓடும்போது வெல்டின் முழு நீளத்துக்கும் தரவைப் பதிவு செய்கின்றன. அப்படிப் பதிவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஆர்.டி.க்குப் பதில் யூ.டி.யை ஏ.எஸ்.எம்.இ. 1990களிலேயே கோடு கேஸ் 2235 வழியாக அனுமதித்தது.

"ஆளைப் பொறுத்தது" என்பது கனமான வாதம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அணுஉலைக் கலன்களின் கனத்த தகடுகளை வைத்து 1970களில் தொடங்கிய பிஸ்க் என்ற பன்னாட்டுச் சோதனையில், கோடு சொன்ன நடைமுறையை அப்படியே பின்பற்றிய யூ.டி. பெரிய குறைகளையே தவறவிட்டது. அதே தகடுகளில் செம்மையான நடைமுறைகள் அவற்றைப் பிடித்தன. ஆக, கோளாறு அலையிடம் இல்லை. தெரிந்த குறைகளை உள்ளே வைத்துச் செய்த பிளாக்கில் நடைமுறையையும் ஆளையும் நிரூபித்த பிறகு வேலை கொடுப்பதே இதற்கு வழி. ஃபிலிமையும் ஆள்தான் படிக்கிறார். கதிர் வீசும் சோர்ஸை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதையும் ஆள்தான் முடிவு செய்கிறார்.

ஆர்.டி. தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் வெல்டில் பருத்த கிரெய்ன்கள் அலையைச் சிதறடித்து வளைத்துவிடும். அங்கே சாதாரண புரோப் நம்பகமற்றது. 8 மி.மீ.க்குக் கீழான சுவருக்கும் வழக்கமான யூ.டி. சரிவராது. அங்கெல்லாம் ஃபிலிம் எடுங்கள்.

ஆனால் பழக்கதோஷத்தால் எடுக்கும் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒரு சோர்ஸ் வெளியே வர வேண்டும். பெருவின் யானாங்கோ நீர்மின் நிலையத்தில் 1999 பிப்ரவரியில், கேமராவிலிருந்து கழன்று கிடந்த இரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் இன்னதென்று தெரியாமல் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

பழுதுபார்க்கும் வெல்டரையும் நினைக்க வேண்டும். 60 மி.மீ. தகட்டின் ஃபிலிமில் ஒரு கோடு. நீளம் தெரியும், இடம் தெரியும், ஆழம் தெரியாது. மேலிருந்து கௌஜிங் போட்டு 50 மி.மீ. தோண்டிய பிறகு, குறை அடிப்பக்கத்திலிருந்து 10 மி.மீ.யில் கிடப்பது தெரியவருகிறது. நல்ல வெல்டு அத்தனையும் தூளாகிப் போனது; மறுபடி நிரப்பும் சூட்டில் புது விரிசலுக்கும் வழி பிறக்கிறது. புரோப் வைத்துப் பார்த்திருந்தால் ஆழம் மில்லிமீட்டரில் கிடைத்திருக்கும். தகட்டைப் புரட்டிப் போட்டு 10 மி.மீ. தோண்டினால் வேலை முடிந்திருக்கும்.