மெஸ் சோறும் ஆட்டு வயிறும்

சுங்குவார்சத்திரம் பக்கம் ஆடு இரை எடுக்கவில்லை என்றால், இப்போதெல்லாம் மருந்துக் கடைக்குப் போய் 'புரோபயாடிக்' என்னும் நுண்ணுயிர்ப் பொடி கேட்கிறார்கள். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "எந்தக் கம்பெனி பொடி சார் நல்லது?" என்று வீடு தேடி வந்து கேட்பவர்களும் உண்டு. "நேத்து என்ன போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில், சோறு.

சிப்காட் தொழிற்பூங்கா வந்து ஆட்களுக்கு வேலை கிடைத்தது. ஆட்டுக்கு மேய்ச்சல் போனது. வல்லம் வடகால், ஒரகடம் என்று எங்கும் கம்பிவேலி. விடுதிகளிலும் மெஸ்களிலும் மிஞ்சும் சோறு மட்டும் வாளி வாளியாகக் கிடைக்கிறது. காசில்லாத தீனி, யார்தான் விடுவார்கள்?

ஆட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தழையையும் நாரையும் நொதிக்கவைத்துச் சத்தாக்குபவை. நார் இருந்தால் ஆடு அசைபோடும். அசைபோட்டால் உமிழ்நீர் ஊறும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை அடக்கும். சோறு ஒரேயடியாகப் போனால் மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். 6-க்கு மேல் இருக்கவேண்டிய கார அமில நிலை (pH) 5-க்கும் கீழே இறங்கிவிடும். நாரைச் செரிக்கும் உயிர்கள் மடியும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றில் போய்த் தேங்க, ஆடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகத்தில் கூட்டம் கூடுவது இதனால்தான்.

கடைப் பொடிகள் பலவற்றில் இருப்பது லாக்டோபேசில்லஸ். அதுவும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் ஆசாமிதான்! பால்குடிக் குட்டியின் கழிச்சலுக்கு அது உதவக்கூடும். அமிலத்தில் தவிக்கும் பெரிய ஆட்டுக்கு அதைப் புகட்டி என்ன பயன்? ஈஸ்ட் கலந்தவை கொஞ்சம் கைகொடுக்கும், அதுவும் ஒழுங்கான தீனியோடு நாள்தோறும் சேர்ந்தால். நல்ல ஆட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற ஆட்டுக்குப் புகட்டுவது மருத்துவர்கள் அறிந்த பழைய முறை. எந்தப் பொட்டலத்தையும்விட அதையே நான் நம்புவேன்.

2011-ல் தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடுகள் கொடுத்தது அரசு. மேய இடம்? மிச்சமிருக்கும் மேய்க்கால் புறம்போக்கையாவது அளந்து கல் நட்டு, ஊராட்சிகள் அகத்தியும் சூபாபுல்லும் கிளைரிசிடியாவும் வளர்க்கட்டும். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. யோசனை கேட்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. மெஸ் நடத்துபவர்கள் மிஞ்சியதை ரோட்டோரம் கொட்டாமல் எரிவாயுக் கலனுக்கு அனுப்பட்டும்.

ஆடு சோற்றை மேய்ந்துவிட்டது தெரிந்தால் பொடிக்கு அலையாதீர்கள். மீதிச் சோற்றை எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, உடனே 1962-க்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது.