‘புள்ள தங்கல’: ஏன் என்று யார் கேட்பது?



டெல்டாவில் கருக்கலைவுக்கு ஒரு சொல் உண்டு: “புள்ள தங்கல.” ஒரு முறை நடந்தாலும் மூன்று முறை நடந்தாலும் அதே சொல்தான். காரணம் சொல்லத் தெருவில் ஆள் நிறைய. குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பார்கள், காத்துக் கருப்பு என்பார்கள், ராசியில்லாதவள் என்பார்கள். பையனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமியார் வீட்டில் பேச்சு எழும். மருத்துவமனையில் சொல்லும் காரணம் வேறு: ரத்தம் குறைவு, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, குனிந்து குனிந்து நடவு நட்டாய். சேரியிலிருந்து வருகிற பெண்ணிடம் ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலும் இருக்கவும் இருக்கும். அதைக் கண்டதும் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறதே, அதுதான் என் சண்டை. நம் பெண்களுக்கு வறுமையையே நோயின் பெயராக எழுதிவிடுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது கரு கலைந்தால் நீளமான பரிசோதனைப் பட்டியல் வருகிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாவது கலைந்தாலும் இரும்புச்சத்து மாத்திரைதான்.

அந்தப் பட்டியலில் உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு பரிசோதனையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிப் பரிசோதனை. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். கிருமியை எதிர்க்க உடல் ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. சிலருக்கு அவற்றில் சில வழிதவறி, சொந்தச் செல்களின் மேலுள்ள கொழுப்பையும் அதோடு ஒட்டியிருக்கும் புரதத்தையும் எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன. விளைவு, ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. காலில் உறைந்தால் கால் வீங்கும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். மூளைக்குப் போகிற குழாயை அடைத்தால் முப்பது வயதில் பக்கவாதம். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டு, வளர்ந்துகொண்டிருந்த கரு நின்றுபோகும். லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983-ல் இவற்றையெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்று சேர்த்து விவரித்தார். சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களில் 100-க்கு 10 முதல் 15 பேரிடம் இந்த ஆன்டிபாடி இருக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுக் கணக்கு.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். வைத்தியம் இருக்கிறது. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இந்த ஆன்டிபாடி உள்ள, தொடர்ந்து கருவை இழந்த 90 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1997-ல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்த 45 பேரில் 19 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெபாரின் ஊசியும் போட்ட 45 பேரில் 32 பேருக்குப் பிறந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் இன்றுவரை உலகெங்கும் கொடுக்கப்படுவது இந்த இரண்டு மருந்துதான். ஆஸ்பிரின் பெட்டிக்கடை மிட்டாய் விலை. ஹெபாரின்தான் பாரம்: கர்ப்பம் முழுக்கத் தினமும் ஊசி, வெளியில் வாங்கினால் நம் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. எனவே அரசு மருத்துவமனையிலிருந்துதான் வர வேண்டும். அங்கே அதைக் கேட்டு வாங்கக் கையில் ஒரு பரிசோதனை முடிவு இருக்க வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்குள் நம் வயல் இருக்கிறது. இது மூன்று பரிசோதனைகள் சேர்ந்த ஒரு தொகுதி. ஆன்டிகார்டியோலிப்பின் ஒன்று, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஒன்று. மூன்றாவதன் பெயர் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். இந்த மூன்றாவதைச் செய்யும் முக்கியமான முறைக்குக் கண்ணாடி விரியனின் விஷம் வேண்டும். ஆம், வரப்பில் நம் ஆட்களைக் கடிக்கிற அதே விரியன். பாம்புக்கடியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடியவர்களுக்குத் தெரியும்: கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாமல் தண்ணீராகவே நின்றால் விரியன் கடித்திருக்கிறது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும் என்று அர்த்தம். உறைவதற்கான சரக்கையெல்லாம் அந்த விஷம் ஒரேயடியாகச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது.

ஆய்வகத்தில் அதே விஷத்தைப் பல மடங்கு நீர்க்கச் செய்து, ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் சேர்க்கிறார்கள். சாதாரணமாகச் சில பத்து நொடிகளில் உறையும். இந்த ஆன்டிபாடி இருந்தால் தாமதமாகும். குழாயில் உறைவதைத் தாமதப்படுத்துகிற பொருள் உடலுக்குள் உறையச் செய்கிறது என்பது விந்தைதான். பெயரிலுள்ள குழப்பமும் அதனால்தான். இந்த நோயைக் கண்டறிய இந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று 1986-ல் எழுதியவர்கள் தியாகராஜன், பெங்கோ, ஷாப்பிரோ என்ற மூவர். முதல் பெயரைக் கவனியுங்கள். நம் நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். உடலுழைப்பில் இறங்கியவன் கைபடாத மருத்துவம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மாட்டு இதயம். கர்ப்பிணிகளுக்கு மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு பயன்படுகிறது. 1941-ல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதை மாட்டு இதயத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார். (மாட்டுக்கறிக்காக மனிதனை அடித்துக் கொல்கிற நாட்டில் அக்ரகாரத்துக் கர்ப்பிணியும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் பிரசவத்துக்குப் போகிறாள்.) விஷயம் இதுதான்: ஏ.பி.எஸ். ஆன்டிபாடி இந்தக் கொழுப்போடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேகநோயே இல்லாத பெண்ணுக்கும் வி.டி.ஆர்.எல். ‘பாசிட்டிவ்’ என்று வரலாம். நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு கரு போயிருக்கிறது. மூன்றாவதில் அட்டையில் இப்படி எழுதி வருகிறது. கணவன் சந்தேகப்படுகிறான். ஊர்த் தெருக்காரர்கள் நம் பெண்களைப் பற்றி வழக்கமாகப் பேசுகிற பேச்சுக்கு ஒரு காகிதமும் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிசெய்யும் பரிசோதனை. அதில் நோய் உறுதியானால் பென்சிலின் போட்டே ஆக வேண்டும், குழந்தையைக் காப்பாற்றும் மருந்து அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அதில் இல்லை என்று வந்து, கருக்கலைவும் இருந்தால், ஏ.பி.எஸ். பார்க்கச் சொல்லும் துப்பு அது. நம் அவமானமாக எழுதப்பட்ட வரி உண்மையில் நோயின் தடயமாக இருந்திருக்கலாம்.

இப்போது டெல்டாவுக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனையை ஒரு முறை செய்தால் போதாது. சாதாரணக் காய்ச்சல், தொற்று வந்தாலும் இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகும். குறைந்தது 12 வார இடைவெளி விட்டு மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும்போது முதல் ரத்தம் கொடுத்தால், இரண்டாவது கொடுக்கும் நேரம் அறுப்பை ஒட்டி வரும். நடவுக்கூலி, அறுப்புக்கூலி இரண்டிலும் ஒரு நாள் போகும். அதற்குள் குடும்பம் திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போயிருந்தால் இரண்டாவது ரத்தம் எடுக்கப்படவே போவதில்லை. அலுவலகத்துக்குப் போகிற பெண்ணுக்கு 12 வாரம் என்பது காலண்டரில் ஒரு குறி. கூலிப் பெண்ணுக்கு அது ஒரு முழுப் போகம்.

தூரமும் இருக்கிறது. முதல் இரண்டு பரிசோதனைக்கும் சீரம் போதும், குளிர்பெட்டியில் வைத்து எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். விரியன் விஷப் பரிசோதனை அப்படியில்லை. நீலமூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு முறை சுழற்றி, தட்டணுக்களை நீக்கி, உடனே செய்ய முடியாவிட்டால் உறைய வைக்க வேண்டும். வேதாரண்யத்தில் எடுத்து நூறு கிலோமீட்டர் வெயிலில் தஞ்சாவூருக்குப் பேருந்தில் அனுப்பினால் வருகிற முடிவு குப்பை. ஆக, சீரத்தை அந்தந்த ஊர் ஜி.எச்.சிலேயே எடுத்து அனுப்ப வேண்டும், மூன்றாவதை மருத்துவக் கல்லூரியிலேயே எடுக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் பகுதிக்கு இது பெரிய கோரிக்கையே இல்லை. தஞ்சாவூரில் நம் பெண்கள் பிரசவத்துக்குப் போகிற அரசு மருத்துவமனையின் பெயர் ராஜா மிராசுதார். பண்ணையாள்களின் பேத்திகள் மிராசுதார் பெயரில் உள்ள கட்டடத்தில் பிள்ளை பெறுகிறார்கள். பெயரை மாற்றுவது பிறகு, முதலில் பிள்ளை உயிரோடு வரட்டும்.

தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி எண்ணோடு பதிவாகிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அந்த எண் வேண்டும் என்பதால் யாரும் விடுவதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பெண்ணுக்கு இரண்டாவது, மூன்றாவது பதிவு வந்தும் குழந்தை வரவில்லை என்பதும் அதே பதிவேட்டில்தான் கிடக்கிறது. தாய் இறந்தால் விசாரணை நடக்கிறது. பத்து வாரத்துக்கு மேல் வளர்ந்த கரு நின்றுபோனால் யாரும் விசாரிப்பதில்லை. 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கரு கலைந்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு தந்தது. வயலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டியது என்றார். அதுவும் ஆலைத் தொழிலாளிகளுக்கான மசோதா. வயலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நம் பக்கத்தையும் ஒன்று கேட்க வேண்டும். கூட்டங்களில் நாமும் “சேற்றில் குனிந்து நின்ற உழைப்பு கருவைக் கொன்றது” என்று பேசிவிட்டுக் கைதட்டல் வாங்குகிறோம். கடும் உழைப்பும் பூச்சிமருந்தும் பட்டினியும் கர்ப்பிணிக்குக் கேடுதான். அதற்காக எல்லாக் கருக்கலைவையும் அதன் தலையில் கட்டினால், மருத்துவமனை சொல்வதையே நாம் கோபமான குரலில் சொல்கிறோம், அவ்வளவுதான். சேரிப் பெண்ணின் உடலுக்கும் அவளுக்கென்று தனியாக ஒரு நோய் வரலாம். ஏ.பி.எஸ். நம் சாதியில் அதிகம் என்று நான் சொல்லவில்லை; எல்லாச் சாதியிலும் வருவது நம்மிடம் மட்டும் பெயரில்லாமல் கிடக்கிறது என்கிறேன். ஆண்களுக்கும் இது பொருந்தும். கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று பேரெடுத்த மண் இது. ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால் யானைக்கால் என்றோ நரம்பு இழுத்துவிட்டது என்றோ எண்ணெய் தேய்த்து நீவுகிறோம். ரத்தக் கட்டி உள்ள காலை நீவுவது ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள்.

இன்னொரு பக்கம், பரிசோதனை என்றதும் ஓடி எல்லாவற்றையும் எடுத்துவிடவும் வேண்டாம். கரு கலைந்தவர்களிடம் டார்ச் என்ற பெயரில் ஒரு பெரிய தொகுதிக்குப் பணம் வாங்குகிற ஆய்வகங்கள் உண்டு. தொடர் கருக்கலைவுக்குக் காரணம் கண்டுபிடிக்க அது உதவாது. ஏ.பி.எஸ். பரிசோதனையும் எல்லாருக்கும் அல்ல. பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று கரு போனவர்கள், பத்து வாரத்துக்குப் பின் குறையில்லாத கரு ஒன்றாவது நின்றுபோனவர்கள், கடும் ரத்த அழுத்தத்தாலோ நஞ்சுக்கொடிக் கோளாறாலோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்கள், இளவயதில் காரணமில்லாமல் ரத்தக் கட்டியோ பக்கவாதமோ வந்தவர்கள். இவர்களுக்குத்தான். ஹெபாரின் போட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தால் விரியன் விஷ முடிவு குழம்பலாம், அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். ரத்தக் கட்டிக்கு வார்ஃபரின் சாப்பிடுகிற பெண் கருவுற்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது.

மருத்துவம், நர்சிங், லேப் டெக்னீசியன் படிக்கிற தோழர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் கருவை இழந்த அக்காக்கள், சித்திகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை முறை, எத்தனையாவது மாதம், ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, கால் வீங்கியதா, வி.டி.ஆர்.எல். என்ன வந்தது. அவர் சம்மதித்தால் ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். அந்தத் தாளோடு போகிற பெண்ணிடம் “சாப்பிடுறதில்லையா?” என்று மட்டும் கேட்டு அனுப்புவது கொஞ்சம் கடினம்.

மற்றவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் தனித்தனியாக. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் பரிசோதனைகள் இங்கே செய்யப்படுகின்றனவா, இல்லையென்றால் எங்கே அனுப்பப்படுகின்றன? கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது? அவர்களில் 12 வாரம் கழித்து இரண்டாம் முறை எத்தனை பேருக்கு? நோயாளி வெளியில் பணம் கட்ட வேண்டியிருந்ததா? ஹெபாரின் கர்ப்பம் முழுவதற்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். பதிலில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாம் முறை ரத்தம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையை. பதில் வந்ததும் நகலை அனுப்புங்கள், மூன்று மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த மனுவை எழுதுவோம்.