வண்டி அவரிடம், டியூ இவரிடம்

கல்யாணம் முறிந்தால் நகையையும் பாத்திரத்தையும் பிரிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு, கடனில் ஓடும் காரைப் பிரிக்கத் தெரிவதில்லை. "வண்டியை அவன் எடுத்துக்கட்டும், டியூவையும் அவனே கட்டட்டும்" என்று பேசி முடித்துக் காபி குடித்துவிடுகிறார்கள். கடன் கொடுத்த பேங்க் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கவில்லையே! சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் பிரிந்த பிறகும் கடனாளிதான். வெறும் ஜாமீன் கையெழுத்துதானே என்றாலும் தப்ப முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பையும் கடனாளியின் பொறுப்பையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டுக் கடன் கேட்டுப் போனார். அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்: முன்னாள் கணவர் கட்டாமல் விட்ட மூன்று டியூ, இவருடைய சிபில் கணக்கில். ஆர்.சி. தன் பேரில் இருக்க, வண்டியை விட்டுவிட்டு வந்தவர் நிலை இன்னும் மோசம். வண்டியை விற்றிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடமானம் இருக்கும்வரை பேங்க் சம்மதிக்காமல் பெயரும் மாறாது. என்னைக் கேட்டால், நஷ்டமானாலும் விற்றுக் கடனை முடித்து, என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து அடமானத்தை நீக்கிவிடுவதே நல்லது. யாராவது ஒருவருக்கு வண்டி வேண்டும் என்றால், தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கட்டும். அந்தப் பெண்ணின் கைப்பையில் காரின் இரண்டாவது சாவி இன்னும் கிடக்கிறது.