நம் குருதியின் இரும்பும் ஒரு மாணவியின் கேள்வியும்

"நம் குருதியில் உள்ள இரும்பு, பெருநிறை விண்மீன் ஒன்றின் மையத்தில் உருவானது." அறிவியல் பரப்புரைக் கூட்டங்களில் நானும் பலமுறை சொன்ன வாக்கியம் இது. ஒவ்வொரு முறையும் கைத்தட்டல் கிடைத்தது. அண்மையில் பள்ளி மாணவி ஒருவர் கேட்டார்: "அந்த இரும்பு உள்ளகம்தான் நொறுங்கி நியூட்ரான் விண்மீனாகிவிடுகிறதே, பிறகு இரும்பு எப்படி வெளியே வந்தது?"

கேள்வி மிகச் சரியானது. சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீனில் ஹைட்ரஜன் எரிதல் ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள் நீடிக்கிறது. இறுதிக் கட்டமான சிலிக்கன் எரிதலோ ஒரு நாளளவில் முடிந்துவிடுகிறது. அப்போது திரளும் இரும்பு உள்ளகம் தன் ஈர்ப்பைத் தாங்க இயலாமல் சரிந்து, நியூட்ரான் விண்மீனுக்குள்ளோ கருந்துளைக்குள்ளோ அடங்கிவிடுகிறது. அந்த இரும்பு நம்மை வந்தடைவதில்லை.

வெளியேறும் இரும்பு வேறு. வெடிப்பின் அதிர்ச்சி அலை, உள்ளகத்தைச் சூழ்ந்த அடுக்குகளைச் சூடாக்கி நிக்கல்-56ஐ உண்டாக்குகிறது. அது கோபால்ட்-56 ஆகி, பின்னர் இரும்பாகிறது. 1987இல் பெரிய மெகல்லன் மேகத்தில் தோன்றிய சூப்பர்நோவா, முதல் சில மாதங்களுக்குப் பின், 77 நாள் அரை ஆயுள் கொண்ட கோபால்ட்டின் சிதைவுக்கு இணையாகவே மங்கியது. அதில் உருவான நிக்கல், சூரிய நிறையில் சுமார் 0.07 பங்கு. வெண்குறு விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும்போதோ, அதைப்போல் பல மடங்கு உருவாகிறது. பால்வெளியின் இரும்பில் பாதிக்கும் மேற்பட்டது இத்தகைய வெடிப்புகளிலிருந்து வந்ததென்றே கணிக்கப்படுகிறது.

பெருநிறை விண்மீன்களின் தலையாய கொடை ஆக்சிஜன். அது ஹீலியம் எரியும் கட்டத்திலிருந்தே பெருமளவில் உருவாகி, வெடிப்பில் வெளியே வீசப்படுகிறது. நம் உடல் நிறையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன். இரும்பு சுமார் 4 கிராம் மட்டுமே.

இதைச் சில்லறைத் திருத்தம் என்று சிலர் ஒதுக்கலாம். நான் உடன்படவில்லை. பெருநிறை விண்மீன்கள் சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே மடிகின்றன. வெண்குறு விண்மீன்கள் வெடிக்க நெடுங்காலம் ஆகிறது. எனவேதான் பால்வெளியின் மூத்த விண்மீன்களில், இரும்போடு ஒப்பிடுகையில் ஆக்சிஜன் மிகுந்துள்ளது. இந்த விகிதமே விண்மீன் மண்டலங்களின் வரலாற்றை அளக்கும் கடிகாரம். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கும்போது, நாம் மறைப்பது அந்தக் கடிகாரத்தைத்தான்.

மாணவியிடம், நான் சொன்னது தவறு என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அன்று கைத்தட்டல் இல்லை. ஆனால் அடுத்தடுத்து ஐந்தாறு கேள்விகள் வந்தன. இனி என் உரை இரும்பிலிருந்து அல்ல, நாம் இழுக்கும் மூச்சிலிருந்து தொடங்கும். இதே வாக்கியத்தைச் சொல்லிவரும் நண்பர்களும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.